ஆறரை இஞ்ச் குழியும் அரசு இணையதளமும்

திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டி சத்தீஸ்கருக்குப் போனாலும் சரி, பக்கத்து மல்லசமுத்திரத்துக்குப் போனாலும் சரி, அது போடும் குழி பெரும்பாலும் நாலரை இஞ்ச் அல்லது ஆறரை இஞ்ச்தான். குழி போட்டவரும் அதில் இறங்கும் மோட்டாரைச் செய்தவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த ஆறரை இஞ்ச் குழிக்குள் கோவை மோட்டாரும் இறங்குகிறது, குஜராத் மோட்டாரும் இறங்குகிறது. ஐந்து வருடம் கழித்து மோட்டார் எரிந்துபோனால், விவசாயி வேறு கம்பெனி மோட்டாரை வாங்கி அதே குழியில் விட்டுவிடுகிறார். நீர்மூழ்கி பம்புகளுக்கென்று ஐஎஸ் 8034 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அதைப் படித்த ரிக் தொழிலாளியைத் தேடிப் பிடிப்பது கடினம். அவர் படிக்க வேண்டிய தேவையும் இல்லை. அளவு அவர் வண்டியிலுள்ள துளையிடும் பிட்டிலேயே இருக்கிறது.

இணையதளத்துக்கும் இப்படி அளவுகள் உண்டு. வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1994இல் தொடங்கிய உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அவற்றில் பலவற்றை வகுக்கிறது. எது தலைப்பு என்று எப்படிக் குறிப்பது, படத்தோடு என்ன விளக்கம் வர வேண்டும், படிவத்தில் உள்ள கட்டத்தையும் அதன் பெயரையும் எப்படிப் பிணைப்பது, பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்பதை எங்கே சொல்வது என எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. பக்கம்தான் குழி. அதைத் திறந்து காட்டும் குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவிகளும், பார்வையற்றவருக்குப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானும் மோட்டார்கள். குழி அளவாக இருந்தால் எந்த மோட்டாரும் இறங்கும்.

ஒரே ஒரு வித்தியாசம். குழி கோணலானால் மோட்டார் அன்றைக்கே சிக்கிக்கொள்ளும். தோட்டத்துக்காரர் ரிக்காரரை விடமாட்டார். இணையதளம் கோணலானால் கட்டியவருக்கே தெரியாது. அவருடைய பெரிய திரையில், வேகமான இணைப்பில், நல்ல கண்ணுக்கு அது அழகாகத்தான் தெரிகிறது. காசை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். சிக்குவது வேறு ஆள், வேறு ஊரில். அந்த ஆளும் புகார் சொல்வதில்லை. தனக்குத்தான் தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டு இ-சேவை மையத்துக்கு நடக்கிறார்.

இணையத் தரத்தை நாடு முழுக்கக் கொண்டுபோக வேண்டும் என்று பேசுகிறோம். அதற்கு வேண்டிய ஆவணங்கள் தில்லியில் போதுமான அளவுக்கு இருக்கின்றன. இல்லாதது, சேலத்திலும் நாமக்கல்லிலும் பக்கம் கட்டுகிற, தட்டச்சு செய்கிற, கோப்பு ஏற்றுகிற கைகளில் சரியான பிட்டைக் கொடுக்கும் வேலை.

கண்ணுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது

கௌரி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். முறையாக அடித்தால் ககரத்துக்குப் பின் ஔகாரக் குறி ஒன்றுதான் வரும். அவசரத்தில் ஒருவர் ‘கெ’ அடித்து, பக்கத்தில் ‘ள’ அடித்து, ‘ரி’ சேர்த்துவிடுகிறார். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அச்சிட்டாலும் வேறுபாடு தெரியாது. கணினிக்கு மட்டும் இது வேறு பெண், அது வேறு பெண். தேடினால் ‘பதிவு இல்லை’ என்று வரும். கௌசல்யா, சௌந்தரம், மௌனிகா என்று பெயர் வைத்த குடும்பங்கள் இந்த ஒற்றை எழுத்துக்காக எத்தனை முறை விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அலையக்கூடும் என்று யோசித்துப் பாருங்கள். குற்றவாளி என்று யாரையும் சுட்ட முடியாது. தட்டச்சு செய்தவருக்கு அப்படி ஒரு வேறுபாடு இருப்பதை யாரும் சொல்லவில்லை.

அடுத்து, ஸ்கேன். ஓர் அறிவிப்பைக் கணினியில்தான் அடிக்கிறார்கள். அப்போது அது உயிருள்ள எழுத்து: தேடலாம், பெரிதாக்கலாம், குரலில் கேட்கலாம், வேறு மொழிக்கு மாற்றலாம். பிறகு அதை அச்சிட்டு, கையெழுத்து வாங்கி, ஸ்கேனரில் வைத்து, பிடிஎஃப் ஆக்கி ஏற்றுகிறார்கள். எழுத்தாகப் போனது படமாக வெளியே வருகிறது. அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பார்வையற்ற மாணவர் ஒருவர் அதைத் திறந்தால், அவருடைய திரைவாசிப்பான் வெற்றுத்தாளைக் கண்டதுபோல மௌனமாகிவிடும். கடைசித் தேதி அந்தத் தாளில்தான் இருக்கும்.

பார்வையற்றவரோடு இது நிற்பதில்லை. தொப்பூர்க் கணவாயில், உச்சி வெயிலில், லாரியை ஓரம் கட்டிவிட்டு வரி கட்டிய ரசீதைத் தேடும் ஓட்டுநருக்கு வெளிர் சாம்பல் நிற எழுத்து தெரியாது. கண்புரை தொடங்கிய பாட்டிக்கும் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று தரநிலை சொல்வது இதனால்தான். நாமக்கல் முட்டை விலை அன்றாடம் அறிவிக்கப்படுகிறது. 5 பைசா ஏறினாலே செய்தியாகும் ஊர் இது. அந்த விலை முறையான அட்டவணையாக இணையத்தில் இருந்தால் குரலில் கேட்கலாம், போன மாதத்தோடு ஒப்பிடலாம், கணக்கில் சேர்க்கலாம். அதே விலை ரோஜாப்பூ வைத்த வாட்ஸ்அப் படமாகச் சுற்றும்போது பார்க்க மட்டும்தான் முடியும். தரம் என்பது இரக்கத்தின் பேரில் சிலருக்குச் செய்யும் சலுகை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது வியாபாரத்துக்கும் வேண்டிய அடிப்படை அளவு.

கலப்பை கொண்டுசேர்த்தது

தரம் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பதைத் தமிழர்கள் வேறு யாரிடமும் போய்க் கற்க வேண்டியதில்லை. நம் எழுத்தே அதற்குச் சாட்சி. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை வலையேற்றியபோது உலகில் தமிழுக்கென்று ஒரே குறியாக்கம் கிடையாது. ஒவ்வொரு எழுத்துருக்காரரும் தனித்தனி வழி. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைக் குடிவைத்து எழுதினோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடக்கும். ஒரு அச்சகத்தில் அடித்த கல்யாணப் பத்திரிகையை அடுத்த தெரு அச்சகத்தில் திறக்க முடியாத காலம் அது.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாக அறிவிக்கப்பட்டன. 2000இல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான ‘உத்தமம்’ பிறந்தது. 2010இல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், ஒருங்குறியையும் டேஸ்-16 குறியாக்கத்தையும் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது. அரசாணைகள் அத்தனையும் தேவைப்பட்டவைதான். ஆனால் நாமக்கல் கல்லூரி மாணவரை முதன்முதலாக ஒருங்குறியில் எழுத வைத்தது எந்த அரசாணை? அவர் கையில் கிடைத்த இலவச மென்பொருள்கள்தான் எழுத வைத்தன: இ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர். அவற்றைக் குறுந்தட்டில் போட்டுக் கொடுத்து, எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து வரும் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டிய தன்னார்வலர்கள்தான் எழுத வைத்தார்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்காகக் கல்லூரிகளில் நடந்த பட்டறைகள் எழுத வைத்தன. பிறகு கைப்பேசிகளிலேயே தமிழ் விசைப்பலகை வந்தது, கதை முடிந்தது. தரம் அரசாணையில் இருந்தது, மக்களிடம் போனது கலப்பையில்.

கலப்பை போகாத வயல் எது என்றும் பார்க்க வேண்டும். சேலத்தில் எத்தனையோ டிடிபி கடைகளில் இன்றும் பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. கடைக்காரர் பிடிவாதக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய பேஜ்மேக்கர் மென்பொருளுக்கு ஒருங்குறி தெரியாது; இருபது வருடமாகப் பழகிய விரல் வேறு விசைப்பலகைக்கு வராது; புது மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டினால் துண்டறிக்கை அடிப்பதில் என்ன மிஞ்சும்? அவருக்கான கலப்பையை யாரும் செய்து கொடுக்கவில்லை. ஆனால் உள்ளூர்ப் பள்ளியின் ஆண்டுமலர், சங்கத்தின் அறிக்கை, சிறு நிறுவனத்தின் விலைப்பட்டியல் எல்லாம் அவர் கணினியில்தான் பிறந்து இணையத்துக்குப் போகின்றன.

சட்டம் வந்தது, கடைமடைக்கு வரவில்லை

சட்டத்தில் குறை சொல்ல இடமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தகவல் தொழில்நுட்பமும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. அரசு இணையதளங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 2009இல் வந்தன. மூன்றாம் பதிப்பு 2023இல் வெளியானது. அணுகலுக்கான ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலை 2021, 2022ஆம் ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக வந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமான தரங்கள் வேண்டும் என்றது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டுக் கண்ணிமைக்க முடியாதவர்களும் பார்வையற்றவர்களும் வங்கி அடையாளச் சரிபார்ப்பில் தடுக்கப்படுவது குறித்த பிரக்யா பிரசூன் வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றே தீர்ப்பளித்தது. 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி; அவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் அரைக் கோடிப் பேர். தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம்.

மாவட்ட இணையதளங்களுக்காகத் தேசியத் தகவலியல் மையம் எஸ்3வாஸ் என்ற பொதுவான மேடையையே கட்டிக் கொடுத்திருக்கிறது. சேலம், நாமக்கல் மாவட்டத் தளங்களும் அதில்தான் இயங்குகின்றன. தலைப்பு, பட்டியல், எழுத்தைப் பெரிதாக்கும் வசதி என்று அந்தச் சட்டகம் தரத்தை உள்ளே வைத்தே வருகிறது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் சட்டகம் தில்லியில் செய்யப்பட்டாலும் அதற்குள் போகும் சரக்கு வட்டார மேசைகளில் தயாராகிறது. நல்ல சட்டகத்துக்குள் ஸ்கேன் செய்த தாளை வைத்தால் அது ஸ்கேன் செய்த தாள்தான். அரசுக்கு வெளியே இருக்கும் கூட்டுறவுச் சங்கம், தனியார் மருத்துவமனை, கல்லூரி, போக்குவரத்து நிறுவனம் ஆகியவற்றின் தளங்களுக்கு அந்தச் சட்டகமும் இல்லை.

மேட்டூர் அணையைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் நமக்கு இது புதிதல்ல. மதகு திறந்த செய்தி முதல் நாளே வந்துவிடும். தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும் என்பதைத் தூர்வாரிய வாய்க்கால்தான் முடிவு செய்யும்.

படியும் வள்ளமும் போன விதம்

இந்த நாடு இதைவிடப் பெரிய அளவு மாற்றத்தை ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. படி, மரக்கால், வள்ளம், வீசை, பலம் என்று ஊருக்கு ஊர் அளவு மாறிய காலம் இருந்தது. ஒரே பெயருள்ள படிகூட இரண்டு சந்தைகளில் இரண்டு கொள்ளளவு காட்டியது. 1956இல் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று அணா போய் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரில் கிலோ அறிமுகமாகி, 1962 ஏப்ரலில் எடைக்குக் கட்டாயமானது. படிப்பறிவு குறைவாக இருந்த நாடு, சில ஆண்டுகளில் தன் தராசுகளை எல்லாம் மாற்றிக்கொண்டது. சட்டப் புத்தகத்தைச் சந்தைக்கு அனுப்பி இது நடக்கவில்லை. எடைக்கற்களை அனுப்பினார்கள். மாற்று அட்டவணைகளை அனுப்பினார்கள். முத்திரை ஆய்வாளரை அனுப்பினார்கள்.

அந்த முத்திரை ஆய்வாளர் இன்றும் வருகிறார். வருடத்துக்கு ஒருமுறை மின்னணுத் தராசுக்கு மறுமுத்திரை வைக்க வேண்டும். அதற்கு ஊர் ஊராக முகாம் போடுகிறார்கள். வியாபாரி தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறார், சோதிக்கிறார்கள், சரியாக இருந்தால் முத்திரை, இல்லாவிட்டால் பழுதுபார்த்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள். இந்த முகாமில் யாரும் எடையியல் குறித்து விரிவுரை ஆற்றுவதில்லை. அதனாலேயே அது வேலை செய்கிறது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் அண்மை ஆண்டுகளில் இதே வழியில் இறங்கியிருப்பது நல்ல சேதி. பள்ளி, கல்லூரிகளில் தர மன்றங்கள் தொடங்குகிறார்கள். ஊராட்சித் தலைவர்களையும் செயலர்களையும் கூட்டித் தரநிலைகளை அறிமுகப்படுத்துகிறார்கள். அங்கே பேசப்படுவது தலைக்கவசம், குக்கர், குடிநீர் பாட்டில், தங்க ஹால்மார்க். கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் ஹால்மார்க் என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஐஎஸ் 17802ம் அதே அமைவனம் வெளியிட்ட தரநிலைதான். குக்கருக்குப் பக்கத்தில் இணையதளத்துக்கும் ஒரு மேசை போட்டால் என்ன?

ஆறே குறைகள்

‘இணையத் தரம் கடல்போன்றது, அதை ஊர்க்காரர்களுக்கு எப்படிக் கற்பிப்பது’ என்று கேட்பார்கள். கடல் முழுவதும் வேண்டாம். அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் உலகின் முதல் 10 லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025இல் 94.8 விழுக்காட்டுப் பக்கங்களில் குறை இருந்தது. நாம் மட்டும் பின்தங்கிவிட்டோம் என்று தலைகுனிய வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது இன்னொரு எண்: கண்டுபிடிக்கப்பட்ட குறைகளில் 96 விழுக்காடு ஆறே வகைக்குள் அடங்கிவிடுகின்றன. மங்கலான எழுத்து. விளக்கமில்லாத படம். பெயர் பிணைக்கப்படாத படிவக் கட்டம். எங்கே போகிறது என்று சொல்லாத இணைப்பு. பெயரில்லாத பொத்தான். மொழி குறிக்கப்படாத பக்கம்.

ஆறும் ஒரே தாளில் அடங்கும். ஒரு பிற்பகலில் கற்பித்துவிடலாம். கடைசிக் குறையைத் திருத்த ஒற்றைச் சொல் போதும். ‘இந்தப் பக்கம் தமிழ்’ என்று குறிக்காவிட்டால் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று திணறும். குறித்துவிட்டால் தமிழ்க் குரலுக்கு மாறிக்கொள்ளும். நம் ஊர்களுக்கு வேண்டிய இரண்டை இந்தப் பட்டியலோடு நான் சேர்ப்பேன்: ஸ்கேன் படமாக ஏற்றாதே; தமிழை ஒருங்குறியில் சரியான வரிசையில் அடி. ஆக எட்டு.

சேலத்தில் 20 ஊராட்சி ஒன்றியங்கள், நாமக்கல்லில் 15. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு ஒன்றியத்திலும் இணைய முத்திரை முகாம் ஒன்று நடத்தலாம். இ-சேவை மையத்தார், டிடிபி கடைக்காரர், பள்ளி அலுவலகத் தட்டச்சர், கூட்டுறவுச் சங்கக் கணக்கர், உள்ளூரில் இணையதளம் கட்டித் தரும் இளைஞர் என எல்லோரும் தங்கள் கோப்பையும் தளத்தையும் எடுத்துக்கொண்டு வரட்டும். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைப் போட்டு, திரையை அணைத்துவிட்டு, அவர் கட்டிய பக்கத்தை அவரையே கேட்கச் சொல்லுங்கள். ‘பொத்தான், பொத்தான், படம், பொத்தான்’ என்று அது படிப்பதைக் கேட்பது ஒரு மணி நேரச் சொற்பொழிவுக்குச் சமம். சோதிப்பவர் பார்வையற்ற பட்டதாரியாக இருக்கட்டும். அவருக்குக் கூலி கொடுங்கள். அவர் பயனாளியாக வந்து நிற்கக் கூடாது. இந்த முகாமின் முத்திரை ஆய்வாளரே அவர்தான்.

இரண்டாவது, படிப்பு. பெரியார் பல்கலைக்கழகத்தின்கீழ் எத்தனை கலைக் கல்லூரிகள், இந்த இரு மாவட்டங்களிலும் எத்தனை பொறியியல் கல்லூரிகள், எத்தனை பாலிடெக்னிக்குகள்! வலை வடிவமைப்புச் செய்முறைத் தேர்வில் பக்கம் அழகாக இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். சுட்டியைக் கழற்றிவிட்டு விசைப்பலகையால் மட்டும் அந்தப் படிவத்தை நிரப்ப முடிகிறதா என்றும் பார்த்து, பத்து மதிப்பெண்ணை அதற்கு ஒதுக்கட்டும். மதிப்பெண் போகும் இடத்துக்கு மாணவர் போவார். 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தில் இதற்கென்று ஒரு சிறு பாடத்தைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தமிழிலேயே படிக்கவும் வழியிருக்கிறது: 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ மின்னிதழ்க் குழுவினர் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஆகியவற்றுக்கு எளிய தமிழ் நூல்களை இலவசமாகத் தந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, ஊர்க்குழு. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு என்ற தன்னார்வ அமைப்பு வாரந்தோறும் கூடி, கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கணினி கற்றுத் தருகிறது. பெருநகரத்துப் பெரிய நிறுவனங்களை எதிர்பார்த்து அவர்கள் காத்திருக்கவில்லை. ரிக், லாரி, கோழிப்பண்ணை, ஜவ்வரிசி என்று ஒவ்வொரு தொழிலையும் வெளியாள் உதவியின்றித் தானே கட்டிக்கொண்ட இந்த வட்டாரத்தில் அப்படி ஒரு குழு சேலம் அஞ்சு ரோட்டிலும், நாமக்கல்லிலும், இராசிபுரத்திலும் கூட முடியாதா?

நான்காவது, ஒப்பந்தம். தளம் கட்டச் சொல்லி உள்ளாட்சியோ கூட்டுறவோ கல்லூரியோ கொடுக்கும் வேலை ஆணையில் ஒரு வரி சேரட்டும்: எட்டுக் குறைகளும் இல்லை என்று சோதித்த பிறகே கடைசித் தவணை. லாரிக்குப் பாடி கட்டுபவர்களைக் கேளுங்கள். பாடிக்குத் தேசியத் தரம் வந்தபோது ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது. பதிவு கிடைக்க வேண்டுமானால் அளவு வேண்டும் என்று ஆனதும் பட்டறைகள் பழகிக்கொண்டன.

வாட்ஸ்அப் போதாதா?

மறுப்புகள் எனக்குத் தெரியாதவை அல்ல. முதலாவது, ‘இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பிலும் செயலியிலும் ஓடுகிறது; இணையதளத்தை யார் பார்க்கிறார்கள்?’ என்பது. செயலிகளில் பல உள்ளே திறந்து காட்டுவதும் வலைப் பக்கத்தைத்தான். பட்டா, சான்றிதழ், தேர்வு முடிவு, வாகன வரி, கல்லூரிச் சேர்க்கை எல்லாம் வலைப் படிவங்களே. வாட்ஸ்அப் செய்தி நாளைக்கு மேலே போய்விடும். ஆவணம் தளத்தில்தான் நிற்கும்.

இரண்டாவது, ‘செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, எந்தப் படத்தையும் அது படித்துக்கொள்ளும்’ என்பது. படிக்கும், சில நேரம் தவறாகவும் படிக்கும். முட்டை விலையில் ஒரு இலக்கத்தை ஊகிக்கும் கருவியை நம்பி யார் லோடு ஏற்றுவார்? முறையாகக் கட்டிய பக்கத்தில் ஊகத்துக்கு வேலையே இல்லை. மனிதருக்குத் தெளிவாக இருப்பது இயந்திரத்துக்கும் தெளிவாக இருக்கிறது.

மூன்றாவது, செலவு. இதில் பாதி உண்மை உண்டு. கட்டிய பிறகு திருத்தினால் செலவு. கட்டும்போதே செய்தால் கவனம் மட்டும்தான். கான்கிரீட் போட்ட பிறகு சாய்தளம் வைப்பதற்கும் முன்பே வைப்பதற்கும் உள்ள வேறுபாடு. செலவுக்குப் பயந்து குறுக்குவழி தேடுகிறவர்கள், ஒரு ‘அணுகல் பொத்தானை’ விலைக்கு வாங்கித் தளத்தின் மூலையில் ஒட்டிவிடுகிறார்கள். புது வீட்டுக்குத் திருஷ்டிப் பூசணி கட்டுவது போன்ற நம்பிக்கை அது. அப்படியொரு கருவி எந்தத் தளத்தையும் தரத்துக்கு உட்படுத்திவிடும் என்று விளம்பரம் செய்த நிறுவனம் ஒன்று, 2025இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துக்கு 10 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

எனக்கே உள்ள தயக்கம் வேறு. முகாம் என்றால் பதாகை, பொன்னாடை, குழுப் புகைப்படம் என்று முடிந்துபோகும் அபாயம் நம் ஊரில் எப்போதும் உண்டு. அதைத் தவிர்க்க ஒரே வழி, முகாமின் வெற்றியை வந்தவர் எண்ணிக்கையால் அளக்காமல் இருப்பது. காலையில் கொண்டுவந்த பக்கத்தில் எத்தனை குறை இருந்தது, மாலையில் எத்தனை மீதி என்று மட்டும் எழுதிவையுங்கள்.

கீழிருந்து மேலே

இங்கே நடப்பது இங்கேயே முடிந்துவிடும் என்று கருத வேண்டாம். 1998இல், நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் ஆளுக்கொரு வழியில் பக்கங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது, தளம் கட்டும் தொழிலாளர்கள் சிலர் கூடி ‘வலைத் தரங்கள் திட்டம்’ என்ற அமைப்பைத் தொடங்கி, ஒரே தரத்துக்கு வாருங்கள் என்று இரு தரப்பையும் நெருக்கினார்கள். அந்த அமைப்பு 2013இல் தன் வேலை முடிந்தது என்று கதவைச் சாத்தியபோது, பெரிய உலாவிகள் எல்லாம் பெருமளவு ஒரே அளவுக்கு வந்திருந்தன. பட்டறையில் இருப்பவர்களின் எரிச்சல்தான் உலகத் தரத்தை நகர்த்தியது.

தமிழிலும் தீராத சிக்கல்கள் இருக்கின்றன. பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கினால் ‘கொ’வை உடைக்காமல் முழுதாகப் பெரிதாக்க வேண்டும், நீண்ட சொல்லை வரி ஓரத்தில் மடக்கும்போது புள்ளியும் கொம்பும் பிரிந்துபோகக் கூடாது. கௌரி சிக்கலைத் தேடுபொறியே பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்கலாம். இவற்றைக் கண்டு குறித்து அனுப்பக் கூடியவர்கள் அன்றாடம் தமிழில் அடித்துச் சலித்தவர்களே. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, தமிழ் எழுத்துக்கு வலையில் என்னென்ன குறை என்று தனி ஆவணமே வைத்திருக்கிறது. அதில் பரமத்தி வேலூர் இ-சேவை மையத்துக்காரர் கண்ட குறையும் ஏறினால், அது நாமக்கல்லின் குறையாக மட்டும் நிற்காது. தமிழ் எழுதும் எல்லா நாடுகளுக்குமான திருத்தமாகும்.

தொடக்கத்தில் சொன்ன ரிக் தொழிலாளியிடம் திரும்புவோம். ஆறரை இஞ்ச் அளவை நாடெங்கும் பரப்ப அவருக்கு யாரும் விழிப்புணர்வு முகாம் நடத்தவில்லை. பிட்டை ஆறரை இஞ்சில் செய்து கொடுத்தார்கள், அவ்வளவுதான். அவர் போன ஊரெல்லாம் அளவும் போயிற்று. எங்கள் பக்கத்து இளைஞர் கட்டும் இணையதளங்களும் இந்த இரு மாவட்டங்களோடு நிற்பவை அல்ல. லாரி போகும் ஊரெல்லாம் போகும். அவர் கையில் எந்த பிட் இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.